லேப்ரோஸ்கோப்பியும் குழந்தைப்பேறு சிகிச்சையும்: கடலூர், புதுச்சேரிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் மகளிர் நல மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டை, அந்தப் பக்கம் பாகூர், அரியாங்குப்பம் என்று பல ஊர்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். கல்யாணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடும் ஊர்கள் இவை. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவர்கள்தான் பெரும்பாலும் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் இடத்தை இந்தப் பக்கம் பிடிக்காது. அவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

கல்யாணமாகி எவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்கலாம்?

பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு. 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40-ஐத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், உடனே வாருங்கள்.

ஓராண்டு என்றால் கணவனும் மனைவியும் கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த ஓராண்டு. இதை எண்ணுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாத விடுப்பில் வருவார். "மூன்று வருடம் ஆகிவிட்டது டாக்டரம்மா" என்று அழுத பெண் ஒருவரிடம் மேசைக் காலண்டரைத் திருப்பி வைத்து, இருவரும் ஒரே வீட்டில் இருந்த மாதங்களை மட்டும் எண்ணச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். ஏழு மாதம்தான் வந்தது. அவருக்கு அப்போது தேவைப்பட்டது கணவர் ஊரில் தங்குவதற்கு ஆறு மாதம். ஸ்கேனும் லேப்பும் (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் லேப்ரோஸ்கோப்பியைத்தான் சுருக்கமாக லேப் என்கிறோம்) பிறகு பார்த்துக்கொள்ளக் கூடியவை.

உடலில் ஒரு குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். ஓராண்டுக்குள் நூற்றில் ஏறத்தாழ 85 பேருக்குத் தங்கிவிடும். 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருபவர்களுக்குப் பத்தாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாள் வரை முக்கியமான நாட்கள். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் உயிரணு ஐந்து நாள் வரைகூடத் தாங்கும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும்.

சிலர் மட்டும் ஓராண்டு பொறுக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் தீட்டு வருகிறது என்றால், அந்த நாட்களில் எழுந்து நடக்க முடியாத வலி என்றால், முன்பு காசநோய் வந்திருந்தால், கணவருக்கு விதைப்பையில் அறுவை நடந்திருந்தால், முதல் நாளே காட்டிவிடுங்கள்.

முதலில் யாரைப் பரிசோதிக்க வேண்டும்?

இருவரையும், ஒரே நாளில். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். விந்துப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பெண்ணின் வயிற்றில் துளை போடுவது இன்னமும் நடக்கிறது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார். கையில் மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார்: ஒன்பது ஸ்கேன், இரண்டு லேப்ரோஸ்கோப்பியின் டிஸ்சார்ஜ் சுருக்கம், பிளாஸ்டிக் உறையில் போட்ட குறுந்தகடுகள். மூலை மடங்கிய பழைய தாள்களைத் தன் உள்ளங்கையால் தேய்த்து நேராக்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "கணவருடைய ரிப்போர்ட் எங்கே அம்மா?" என்றேன். "அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று அத்தை சொல்லிவிட்டார்கள்" என்றார். மறுவாரம் கணவர் வந்து பரிசோதனை செய்துகொண்டார். உயிரணு ஒன்றுகூட இல்லை. பாதையில் அடைப்பு. அந்த ஒரு தாள் முதலிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு லேப்பும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இடைவெளி விட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி உயிரணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைவுள்ளவை என்பது கீழ் எல்லை. ஒருமுறை குறைவாக வந்தால் மனமுடைய வேண்டாம். கடும் காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை இறங்கும். உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. பீடி, சிகரெட், ஹான்ஸ் இவற்றை இன்று விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும்.

லேப்ரோஸ்கோப்பியில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

முழு மயக்கம் கொடுத்த பிறகு தொப்புளில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீறல் போட்டு, வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புகிறோம். வாயு உள்ளே போனதும் வயிற்றுச் சுவர் கூடாரம்போல் மேலே எழும்பும். உறுப்புகளைப் பார்க்க இடம் கிடைக்கும். தொப்புள் துளை வழியாகக் கேமரா. கீழ்வயிற்றில் அரை சென்டிமீட்டரில் இரண்டு மூன்று துளைகள், அவற்றின் வழியாகக் கருவிகள். மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் குடல் மேலே சரிந்துவிடும். கருப்பை, கருக்குழாய்கள், சினைப்பைகள் மூன்றும் திரையில் தெளிவாகத் தெரியும்.

குழந்தைக்காகச் செய்யும் லேப்பில் நான் மிகவும் எதிர்பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. கருப்பை வாய் வழியாக நீலச் சாயத்தை மெதுவாகச் செலுத்துவோம். குழாய் திறந்திருந்தால், விரல்கள்போல் விரிந்திருக்கும் அதன் நுனியில் முதலில் ஒரு நீலத் துளி திரளும், பிறகு வழியும். அந்தத் துளிக்காக அறையில் இருக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். மயக்க மருந்து கொடுப்பவர்கூட எட்டிப் பார்ப்பார். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பயந்துவிடாதீர்கள், இந்தச் சாயம்தான் காரணம்.)

லேப் என்றால் பித்தப்பை, குடல்வால் அறுவைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. 1980-ல் குடல்வாலை முதன்முதலாக லேப்ரோஸ்கோப்பி மூலம் அகற்றிய ஜெர்மனியின் குர்ட் செம் ஒரு மகளிர் நல மருத்துவர். எங்கள் துறையிலிருந்துதான் இந்த முறை மற்றத் துறைகளுக்குப் பரவியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

குழந்தை இல்லை என்று வரும் எல்லோருக்கும் லேப் தேவையா?

இல்லை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் முதலில் சாய எக்ஸ்ரே போதும். மாதவிலக்கு நின்றபின், அது தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாளுக்குள் எடுப்பார்கள். வயிறு இழுத்துப் பிடித்ததுபோல் சில நிமிடம் வலிக்கும். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சாயம் போகும் வேகத்தில் தசை இறுகி, திறந்த குழாய்கூட அடைத்ததுபோல் எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. ஆகவே "இரண்டு குழாயும் அடைப்பு" என்ற ஒரு தாளைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம்.

லேப் செய்யச் சொன்னால் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்ன இருந்தால் என்ன செய்வீர்கள், ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது என்ன?" இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் அந்த லேப்புக்குக் காரணம் இருக்கிறது. "சும்மா உள்ளே பார்த்துவிடலாம்" என்பது காரணம் ஆகாது. கணவரின் எண்ணிக்கை மிகவும் குறைவு, எப்படியும் ஐ.வி.எஃப். (முட்டையை எடுத்து வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சோதனைக்குழாய் முறை) தான் வழி என்ற நிலையில் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க லேப் செய்து என்ன பயன்?

எனக்கு நீர்க்கட்டி இருக்கிறதாம். லேப்பில் எடுத்துவிடலாமா?

நம் ஊரில் மிக அதிகமாகக் குழப்பம் விளைவிக்கும் சொல் இது. முட்டைகள் முழுதாக வளராமல் நின்று மாதவிலக்கு தள்ளிப்போகும் பி.சி.ஓ.எஸ். என்பதையும் நீர்க்கட்டி என்கிறோம், சினைப்பையில் நிஜமாகவே வளர்ந்த கட்டியையும் நீர்க்கட்டி என்கிறோம். இரண்டும் வேறு.

பி.சி.ஓ.எஸ். ஸ்கேனில் முத்துமாலைபோல் வரிசையாகத் தெரிபவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ந்து நின்றுவிட்ட முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டரிலிருந்து 9 மில்லிமீட்டர் வரை. அவற்றை எடுத்துவிட்டால் முட்டைகளையே எடுத்ததாகிவிடும். அங்கே தேவைப்படுவது ஒரு முட்டையையாவது முழுதாக வளர்ந்து வெடிக்கச் செய்வது. இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கும் மாத்திரை லெட்ரோசோல். உடல் எடை கூடுதலாக இருப்பவர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். இரவில் இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து, மாலையில் வெள்ளிக் கடற்கரையில் முக்கால் மணி நேரம் விறுவிறுவென்று நடந்தே இதைச் சாதித்தவர்களை எனக்குத் தெரியும்.

சினைப்பையில் மின்சூட்டால் நுண்ணிய துளைகள் போடும் லேப் சிகிச்சை ஒன்று உண்டு. மாத்திரைக்கு முட்டை வளராதவர்களுக்கு, அடுத்த கட்டமாக, நான்கைந்து துளைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய சிகிச்சை அது. அளவு மீறினால் முட்டை இருப்பே குறைந்துவிடும். முதல் வருகையிலேயே யாராவது இதற்கு நாள் குறித்தால் வேறொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிஜமான கட்டி என்றால் கதை வேறு. சாதாரண நீர் நிறைந்த சிறு கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைந்துவிடும். பெரிதாகிக்கொண்டே போனாலோ, உள்ளே திடப்பொருள் தெரிந்தாலோ, திடீரென்று முறுக்கிக்கொண்டு வாந்தியோடு கடும் வலி வந்தாலோ அறுவை தேவை. கடைசியாகச் சொன்னது அவசரம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

சாக்லேட் கட்டி என்கிறார்கள். உடனே அகற்ற வேண்டுமா?

கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே, சினைப்பையில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே இரத்தம் கசிந்து தேங்கினால் உருவாவது இது. லேப்பில் உடையும்போது கெட்டியான பழுப்பு நிறத் திரவம் வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும். கட்டியின் உறையை உரித்தெடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும். ஒரு பெண் பிறக்கும்போது 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம்தான் மீதம். புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. ஆகவே அறுவைக்கு முன்னால் ஏ.எம்.ஹெச். என்ற இரத்தப் பரிசோதனை செய்து கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். வயது 36, ஏ.எம்.ஹெச். குறைவு, இரண்டு பக்கமும் கட்டி என்றால் நான் பெரும்பாலும் கத்தியை எடுப்பதில்லை, ஐ.வி.எஃப். பக்கம் அனுப்புவேன். வயது 26, தாங்க முடியாத வலி, ஒரு பக்கம் பெரிய கட்டி என்றால் லேப் நல்ல வழி. அதன் பிறகு வரும் மாதங்களை வீணாக்காமல் கருத்தரிக்க முயல வேண்டும், ஏனென்றால் இந்த நோய் திரும்பி வரும் குணம் உடையது.

ஒரே சினைப்பையில் இரண்டாவது முறை, மூன்றாவது முறை லேப் என்று யாராவது சொன்னால் நன்றாக யோசியுங்கள்.

கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் குழந்தை நிற்காதா?

ஃபைப்ராய்டு என்பது கருப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பண்ருட்டியில் அடிமரத்தில் பலாப்பிஞ்சு தொங்குவதுபோல் கருப்பைக்கு வெளியே தொங்கும் கட்டி பெரும்பாலும் கருவுக்கு இடைஞ்சல் செய்யாது. கருப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் கரு ஒட்டுவதைக் கெடுக்கும், கருச்சிதைவும் ஆகலாம். சுவருக்குள் புதைந்திருப்பது இடைப்பட்டது. அளவையும் உள்ளறையை அழுத்துகிறதா என்பதையும் பார்த்து முடிவுசெய்வோம்.

லேப்பில் கட்டியை அகற்றினால் வயிற்றுத் துளை சிறியதுதான், ஆனால் கருப்பைச் சுவரில் போடும் தையல் ஆழமானது. அது ஆற மூன்றிலிருந்து ஆறு மாதம் விட்டுத்தான் கருத்தரிக்கச் சொல்வோம். பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியும் ஆபத்து இருப்பதால், ஆழமாக வெட்டியிருந்தால் சிசேரியன் சொல்வார்கள். "உள்ளறை திறக்கப்பட்டதா, எந்த இடத்தில் எத்தனை அடுக்குத் தையல்" என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து நள்ளிரவில் பிரசவம் பார்க்கும் வேறொரு மருத்துவருக்கு அந்த இரண்டு வரி மிகப் பெரிய உதவி.

பெரிய கட்டியைச் சிறு துளை வழியே எடுக்க உள்ளேயே துண்டுகளாக்க வேண்டும். ஃபைப்ராய்டு போலத் தெரிவது அரிதாகப் புற்றுநோயாக இருந்துவிட்டால் துண்டுகள் சிதறிப் பரவிவிடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-ல் எச்சரித்தது. அதனால் இப்போது பைக்குள் வைத்துத் துண்டாக்கும் முறை வந்திருக்கிறது. அந்தப் பை பயன்படுத்துவார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஹிஸ்டரோஸ்கோப்பி என்பது வேறா?

வேறு. வயிற்றில் கீறலே கிடையாது. கருப்பை வாய் வழியாகச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராவை உள்ளே செலுத்தி, உப்புநீரால் விரித்துப் பார்ப்பது. உள்ளறைச் சதைவளர்ச்சி, பிறவித் தடுப்புச்சுவர், கலைப்புக்குப் பின் உண்டான ஒட்டுத்தழும்பு, உள்ளே துருத்தும் ஃபைப்ராய்டு எல்லாவற்றையும் இதில் சரிசெய்யலாம். பெரும்பாலும் அன்று மாலையே வீடு.

குழாயில் காசநோய் என்கிறார்கள். எனக்கு இருமலே இல்லையே?

இருமல் இருக்க வேண்டியதில்லை. நுரையீரலில் எப்போதோ வந்து அடங்கிய கிருமி இரத்தம் வழியாகக் கருக்குழாயில் போய்க் குடியேறி, சத்தமில்லாமல் அதைக் கெடுத்துவிடும். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு இது முக்கியமான காரணம். மாதவிலக்கு வரவரக் குறைந்துகொண்டே போவதுதான் பலரிடம் தெரியும் ஒரே அறிகுறி. சிகிச்சை பொதுவாக ஆறு மாதம்; மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். அதை முழுதாக முடித்த பிறகுதான் கருத்தரிப்புச் சிகிச்சை. வெட்கப்படவோ மறைக்கவோ இதில் ஒன்றும் இல்லை.

குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால், ஐ.வி.எஃப். செய்வதற்கு முன் லேப் மூலம் அந்தக் குழாயை அகற்றுவதோ கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பதோ நல்லது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கிறது. தேவையான லேப் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று. மீண்டும் குழாயை இணைக்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்வியின் கனம் எங்கள் ஊருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது, தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற குப்பங்களில் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களுக்காகத் தமிழக அரசு இந்த மறுஇணைப்பு அறுவையை இலவசமாகச் செய்துகொடுக்க முன்வந்தது.

வெட்டி நீக்கிய பகுதி போக மீதிக் குழாய் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. வளையம் போட்டு அடைத்திருந்தால் வாய்ப்பு அதிகம். மின்சூட்டால் கருக்கியிருந்தால் குறைவு. தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாயின் இரு முனைகளையும் பொருத்தித் தைக்க வேண்டும், பொறுமையும் தேர்ச்சியும் வேண்டிய வேலை. பெண்ணின் வயது 37-ஐத் தாண்டியிருந்தால் இணைத்துவிட்டுக் காத்திருப்பதா, நேரே ஐ.வி.எஃப். போவதா என்று உட்கார்ந்து பேச வேண்டும். இணைத்த பிறகு நாள் தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள் வந்து காட்டுங்கள். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து இவர்களுக்கு அதிகம்.

லேப் முடிந்ததும் தோள்பட்டை வலிக்கிறது. இதயக் கோளாறா?

இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த நரம்பின் வலி தோளில் தெரிகிறது. ஒரு பெண்ணுக்கு அறுவை நடந்த இரவு, அவருடைய மாமியார் தோளில் விடிய விடியத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தைலத்தால் கெடுதல் இல்லை. எழுந்து வராண்டாவில் நடப்பதுதான் சீக்கிரம் குணம் தரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரத்தில் வேலைக்கும் போகலாம். கட்டி அகற்றியிருந்தால் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கடுமையான சிக்கல் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு ஏற்படலாம்: குடலிலோ சிறுநீர்ப்பையிலோ இரத்தக் குழாயிலோ காயம். குடல் காயம் சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளிப்படும். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். அது கூடினால், காய்ச்சல் வந்தால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே போங்கள். லேப்பில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். சரியான நேரத்தில் திறக்கத் தெரிந்தவரே நல்ல அறுவை மருத்துவர்.

ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப்.: எது எனக்கு?

ஐ.யு.ஐ. என்பது விந்தணுக்களைக் கழுவிச் செறிவாக்கி, முட்டை வெடிக்கும் நேரத்தில் கருப்பைக்குள் செலுத்துவது. ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு நூற்றில் பத்திலிருந்து பதினைந்து பேருக்குப் பலிக்கும். மூன்று நான்கு முறைக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பொருள் இல்லை. ஒன்பது முறை, பத்து முறை செய்துகொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது அவர்கள் இழந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து எனக்கு மனம் வலிக்கிறது.

ஐ.வி.எஃப். முறையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, பிறகு லேசான மயக்கத்தில் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் முட்டைகளை எடுப்பது, வெளியே கருவாக்கி மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருப்பையில் வைப்பது. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு முறை கரு வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குழந்தை கிடைக்கிறது. சொந்த முட்டையோடு 43-ஐத் தாண்டினால் நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. "எங்களிடம் 80 சதவீதம் வெற்றி" என்ற விளம்பரப் பலகையைக் கண்டால், எந்த வயதில், எதை வெற்றி என்கிறீர்கள், பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்ததையா, குழந்தை கையில் வந்ததையா என்று கேளுங்கள்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கலாம். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

இப்படிப் பிறக்கும் குழந்தைகள் நன்றாக இருப்பார்களா?

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தார். பிறகு இயற்கையாகக் கருத்தரித்துத் தாயும் ஆனார். அதே ஆண்டு அக்டோபரிலேயே கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை துர்கா பிறந்தார். அந்த மருத்துவரை அன்று யாரும் நம்பவில்லை. 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய சாதனை பல ஆண்டுகள் கழித்துத்தான் ஏற்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. ஆகவே பயப்பட வேண்டாம். இரட்டைக் கர்ப்பமும் குறைமாதப் பிரசவமும்தான் கவலைக்குரியவை. அதனால் ஒரே ஒரு கரு வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

ஆண் குழந்தையாகப் பார்த்து வைக்க முடியுமா?

முடியாது. கேட்பதே குற்றம். 1994-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் கருத்தரிப்பதற்கு முன் பாலினம் தேர்ந்தெடுப்பதையும் தடைசெய்கிறது. கேட்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவு. எங்கள் மாவட்டத்துக்கு இது அவமானம்.

எந்த மருத்துவமனைக்குப் போவது? செலவுக்கு என்ன செய்வது?

பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். 2021-ல் வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கருத்தரிப்பு மையம் பதிவுபெற்றிருக்க வேண்டும். ஐ.யு.ஐ. மட்டும் செய்ய ஒரு நிலை, ஐ.வி.எஃப். செய்ய வேறு நிலை. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை என்பது சட்டம் விதித்த எல்லை.

அடிப்படைப் பரிசோதனைக்கும் அறுவைக்கும் அரசு மருத்துவமனைகளை மறந்துவிடாதீர்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை. ஜிப்மரில் வரிசை நீளம்தான், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் போகத் தகுந்த இடம். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கிடைக்கும். உங்கள் அறுவை அதில் வருகிறதா என்று அனுமதிக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஐ.வி.எஃப். செலவு லட்சங்களில் போகும். ஊசி, கருவை உறைய வைப்பது, மறுமுறை வைப்பது எல்லாம் சேர்ந்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை முறை முயல்வது என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவெடுங்கள். காணி நிலத்தையும் தாலிக்கொடியையும் அடகு வைத்துவிட்டு நான்காவது முறைக்குக் கடன் தேடுவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டேன்.

கரு வைத்த பிறகு பஸ்ஸில் ஊருக்குப் போகலாமா?

போகலாம். கரு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். ஈரமான இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருப்பது குலுங்கி விழாது. புதுச்சேரி–கடலூர் சாலைப் பள்ளங்களால் கரு கலைந்ததாக வரலாறு இல்லை. படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதும் இல்லை.

குறை கணவரிடம் இருக்கிறது. வீட்டில் சொல்லலாமா?

சொல்வதும் சொல்லாததும் உங்கள் இருவரின் விருப்பம். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆனால் கணவர்களிடம் நான் தனியாக ஒன்று கேட்டுக்கொள்வதுண்டு: வளைகாப்பு வீட்டில் உங்கள் மனைவியை வளையல் போட விடாமல் ஒதுக்கி உட்கார வைக்கும்போது, உண்மை தெரிந்த நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நெய்வேலியிலிருந்து வந்த ஒருவர் தன் அம்மாவை அழைத்து வந்து என் அறையிலேயே, "குறை என்னிடம்தான் அம்மா, இவளை இனி ஒன்றும் சொல்லாதே" என்றார். அந்த அம்மா மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள், பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், முன்பு அறுவை நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சுருக்கம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. போலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்கிவிடலாம், தினம் 400 மைக்ரோகிராம். கணவர் இரண்டு நாள் இடைவெளி விட்டு, உங்களோடு அதே பஸ்ஸில் வரட்டும்.